பதினேழாம் நம்பர் பூட்ஸ்

போன மாதம் எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், ஆள் நிலைய அலுவலர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நிலையத்துக்கு ட்ரோன் வந்திருக்கிறதாம், அதற்கு விழாவாம், மலர் போடுகிறார்களாம். "சார், நீங்க அந்தக் காலத்திலேயே பிளேன்ல போயி காட்டுத்தீ மேல தண்ணி ஊத்துனீங்களாமே, அத எழுதிக் குடுங்க சார்" என்றான்.

யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. முதலில் அதைத் தீர்த்துவிடுகிறேன். விமானத்தில் போனது உண்மை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. நான் விமானத்திலிருந்து போட்டது மூன்று துணிப் பைகளும் ஒரு பூட்ஸும்தான். அந்த பூட்ஸ் கதையைத்தான் எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே பாதியில் நிறுத்திவிடுவேன். மீதிப் பாதியையும் இந்தத் தடவை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். மலரில் இடம் போதவில்லை என்று அவன் வெட்டினால் முதல் பாதியை வெட்டட்டும்.

என் பெயர் கன்னியப்பன். சொந்த ஊர் படப்பைக்குப் பக்கம். தீயணைப்புத் துறையில் முப்பத்து நான்கு வருடம். பயிற்சியில் ஏணி ஏறினேன், கயிற்றில் இறங்கினேன், வாந்தி எடுத்தேன், தேறினேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது அதற்கப்புறம், தேவசகாயம் என்ற நிலைய அலுவலரிடம்.

தேவசகாயம் சார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். மற்ற அதிகாரிகள் தீ எரிகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள், இவர் பக்கத்தில் வந்து நின்று, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி உத்தரவைச் சொல்வார். ஒரே ஒரு தடவைதான் சொல்வார். பிறகு, "என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லும் வே" என்பார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை பிசகினாலும் நகர விடமாட்டார். எதிரே வைக்கோல் போர் எரிந்துகொண்டிருக்கும், இவர் நம்மை நிறுத்தி வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்லுவார். புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய கணக்கு என்னவென்றால், சொல்லியாகிவிட்டது என்பதெல்லாம் ஒரு கணக்கே கிடையாது. கேட்டவன் வாயிலிருந்து திரும்பி வந்தால்தான் சேதி போய்ச் சேர்ந்தது.

1991 கோடை. இன்றைக்கு ஒரகடத்தில் நிற்பவர்களுக்கு அந்த ஒரகடத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். கார் கம்பெனியும் இல்லை, ஆறு வழிச் சாலையும் இல்லை. ஏரி, முள்காடு, மறுபடி ஏரி. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தண்ணீர் வண்டி. அந்த வருடம் மாசி மாதத்திலேயே காப்புக்காட்டில் மூன்று தடவை தீ. மூன்று தடவையும் நாங்கள் புகையைப் பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய், புகைக்குத் தப்பான பக்கத்தில் நின்றோம். காட்டைச் சுற்றிக்கொண்டு சரியான பக்கத்துக்கு வருவதற்குள் எரிய வேண்டியது எரிந்துவிடும். மூன்றாவது தடவை ஒரு களத்து மேட்டுக் குடிசை போனது. அதில் கட்டிக் கிடந்த கன்றுக்குட்டியும் போனது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது தேவசகாயம் சார் வழியெல்லாம் காட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். நிலையத்தில் இறங்கியதும், "மேல இருந்து பாக்க ஒரு கண்ணு வேணும் வே" என்றார். சரி, ஒரு உயரமான கோபுரம் கட்டச் சொல்லி எழுதுவார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மனிதர் மறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி மீனம்பாக்கம் போய், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு பயிற்சிக் கழகத்தின் வாசலில் நின்றிருக்கிறார். முதல் நாள் உள்ளே விடவில்லை. இரண்டாவது வாரம் உட்கார வைத்தார்கள். நான்காவது வாரம் நளினி மேடம் என்ற பயிற்சி விமானி, "நான் எப்படியும் தினம் பறக்கணும். அந்தப் பக்கம் பறந்தா என்ன?" என்று ஒத்துக்கொண்டார். எங்கள் மேலதிகாரி ஒருவர் வாயால் சம்மதம் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. "ஏதாவது ஆச்சுன்னா எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாராம். சார் அதையும் எங்களிடம் அப்படியே சொன்னார்.

விமானத்தில் போக என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு வீரம் காரணமில்லை. அது இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம், எடை கூடாது. நிலையத்திலேயே நோஞ்சான் நான்தான், நாற்பத்தெட்டு கிலோ. கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து என்னைப் பிடித்துப் போட்டார்கள். வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

முறை இதுதான். வெயில் கடுமையான நாட்களில் மதியத்துக்கு மேல் நான் மீனம்பாக்கத்தில் காத்திருக்க வேண்டும். தீ என்று தகவல் வந்தால் நிலையத்திலிருந்து அங்கே போன் வரும். பறந்தால் ஒரகடத்துக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. மேலே இருந்து தீயின் தலை எந்தப் பக்கம் போகிறது, வண்டி எந்த வழியில் போனால் சீக்கிரம் என்று பார்த்துக் கீழே சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? விமானத்தின் ரேடியோ விமான நிலையத்தோடு பேசும், எங்கள் வண்டியோடு பேசாது. செல்போன் என்ற பேச்சே கிடையாது. அதனால் காக்கித் துணியில் மூன்று சின்னப் பைகள் தைத்தோம். அடியில் ஒரு பிடி மணல், வாயில் ஆறடி சிவப்பு ரிப்பன். சீட்டை எழுதிப் பையில் போட்டு, வண்டிக்கு மேலே தாழப் பறக்கும்போது ஜன்னலைத் திறந்து எறிவேன். ரிப்பன் ஆடிக்கொண்டு இறங்கும், கீழே இருப்பவர்கள் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

கீழேயிருந்து பதில் சொல்ல இரண்டு வெள்ளை வேட்டி. பை கிடைத்து, சீட்டைப் படித்து, புரிந்தால் வேட்டிகளைப் பெருக்கல் குறி போல விரிக்க வேண்டும். அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சார் விடவில்லை. விரித்த வேட்டியைத் தூக்கிவிட்டு, பத்து எண்ணி, மறுபடி விரிக்க வேண்டும் என்றார்.

"எதுக்கு சார் ரெண்டு தபா?" என்று கேட்டேன்.

"ஊருல எவன் எவனோ வேட்டி காயப் போடுதான். மேல இருந்து பாத்தா எல்லாம் வெள்ளதான். வெள்ள கெடக்குன்னு நம்பாதீயும் கன்னியப்பன். வெள்ள அசையணும். அசைஞ்சாத்தான் கீழ மனுசன் இருக்கான்னு அர்த்தம். என்ன சொன்னேன்?"

"வெள்ளை அசையணும் சார்."

காய்ந்த ஏரியில் நான்கு நாள் ஒத்திகை பார்த்தோம். முதல் நாள் விமானம் மேலே ஏறியதுமே எனக்கு வாந்தி வந்தது. நளினி மேடம் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, "இதுக்குள்ள. என் சீட்ல வேண்டாம்" என்றார். நான்காவது நாள், ஏரி நடுவில் நின்ற சாரின் காலடியில் பையைப் போட்டேன். அவர் வேட்டியை விரித்தார், தூக்கினார், மறுபடி விரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் வேலங்கொல்லைத் தீ.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் காடு. காட்டுக்கு மேற்கே வேலங்கொல்லை, நாற்பது பனையோலைக் குடிசைகள். குடிசைகளுக்கும் மேற்கே ஏரி, அதில் முழங்கால் தண்ணீர். காட்டுக்குக் கிழக்கே, அப்போதுதான் புதிதாகப் போட்டிருந்த வீட்டு மனைகள். அங்கே ஏழெட்டு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள், குடியேறியும் சிலர் இருந்தார்கள். வேலங்கொல்லைப் பெண்கள் பாதிப் பேர் அந்த வீடுகளில்தான் சித்தாள் வேலை பார்த்தார்கள்.

நாங்கள் மேலே போனபோது மேற்குக் காற்று. தீ கிழக்கே, மனைகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. முதல் பையில் தீயின் தலை எங்கே என்று எழுதிப் போட்டேன். வேட்டி விரிந்தது, தூக்கப்பட்டது, விரிந்தது. சார் வண்டியை மனைகளின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கட்டட வேலைக்கு வந்திருந்த ஆண்களையும் பெண்களையும் கூப்பிட்டு, காட்டோரம் புதரை வெட்டி அகலமாகக் கோடு போடச் செய்தார். இரண்டாவது பையில், காட்டுக்குள் மாடு மேய்க்கிற இருவர் தெற்கே மாட்டிக்கொண்டிருப்பதை எழுதினேன். அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள். மேலே உட்கார்ந்து நான் ராஜா மாதிரி இருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் நளினி மேடம் கையை நீட்டி, "அங்க பாருங்க" என்றார். படப்பைப் பக்கம் இருந்த செங்கல் சூளைகளின் புகை. அதுவரை கிழக்கே சாய்ந்திருந்த புகை, ஒவ்வொரு சூளையாக நிமிர்ந்து, மேற்கே சாய ஆரம்பித்தது. கடல்காற்று வந்துகொண்டிருந்தது.

நான் காட்டின் மேற்கு ஓரத்தைப் பார்த்தேன். காட்டின் குறுக்கே ஒரு வண்டிப்பாதை உண்டு. தீயின் பின்பக்கம் அந்தப் பாதையில் நின்றுவிட்டது என்றுதான் கீழே எல்லாரும் நம்பினார்கள். நிற்கவில்லை. காற்றுக்கு எதிராகவே மெல்ல ஊர்ந்து பாதையைத் தாண்டி, வேலங்கொல்லைக்கு இரண்டு ஃபர்லாங்கில், அரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கிடந்தது. இனிமேல் காற்று அதற்குத் துணை. கீழே இருந்தவர்களுக்கோ நேர்மாறாகத் தெரியும், எதிரே இருந்த தீ பின்வாங்குகிறது, ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள்.

எழுதினேன்: "தீ வண்டிப்பாதையைத் தாண்டிவிட்டது. காற்று திரும்பிவிட்டது. வேலங்கொல்லை இரண்டு ஃபர்லாங். வண்டி உடனே அங்கே போக வேண்டும். ஜனங்கள் ஏரிக்கு." என் கையெழுத்து அப்போதும் முத்து முத்தாகத்தான் இருந்தது. மூன்றாவது பை, கடைசிப் பை. கிழக்கேயிருந்து மனைகளுக்கு மேலே தாழ வந்தோம். பதற்றத்தில் இரண்டு நொடி முந்தி எறிந்துவிட்டேன். ரிப்பன் புகைக்குள் போய் மறைந்தது.

விமானம் திரும்பியபோது, மனைகளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி.

"கிடைச்சுடுச்சு மேடம்!" என்று கத்தினேன். "வேலங்கொல்லைக்குப் போங்க!"

அந்தக் குறி அசைகிறதா என்று நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தால் போதும், ஒரு நிமிட வேலை. நான் செய்யவில்லை. அவசரம் என்று சொல்லலாம். உண்மையில், எனக்கு அது பழகிப்போய்விட்டது என்ற மிதப்பு.

வேலங்கொல்லைக்கு மேலே போனோம். விமானத்தைக் கண்டதும் ஜனங்கள் குடிசைகளிலிருந்து வெளியே ஓடி வந்து கையை ஆட்டினார்கள். அது தேர்தல் நேரம். அதற்கு முந்தின வாரம்தான் ஏதோ ஒரு குட்டி விமானம் சுற்றுவட்டார ஊர்களில் நோட்டீஸ் கொட்டிவிட்டுப் போயிருந்தது. நாங்களும் நோட்டீஸ் போடுவோம் என்று கையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். நளினி மேடம் எஞ்சின் சத்தத்தைக் குறைத்து மிகத் தாழ இறக்கினார். நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டு, "ஏரிக்கு ஓடுங்க! நெருப்பு வருது! ஏரி! ஏரி!" என்று கத்தினேன். மூன்றாவது தடவைக்குத்தான் ஒரு கிழவர் கிழக்கே திரும்பிப் பார்த்தார். அவர் ஓட ஆரம்பித்ததும் ஊரே ஏரிக்கு ஓடியது. என் தொண்டை அன்றைக்குப் போனதுதான், ஒரு வாரம் குரல் கரகரத்தது.

வண்டி இந்நேரம் வந்திருக்க வேண்டுமே என்று திரும்பிப் போய்ப் பார்த்தோம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்தில் ஆட்கள் சாவகாசமாக எரிந்த புதர்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெருக்கல் குறியும் அப்படியே கிடந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு பெருக்கல் குறி, அதற்கும் தள்ளி இன்னொன்று.

மனை அளப்பவர்கள் தெரு முனைக்குத் தெரு முனை சுண்ணாம்புத் தூளால் போட்டு வைத்திருந்த அடையாளம் அது.

"மேடம், கிடைக்கல. என் தப்பு" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பை?" என்று மட்டும் கேட்டார். பை இல்லை. வெறும் காகிதத்தைப் போட்டால் காற்று கொண்டுபோய்விடும். நான் குனிந்து என் வலது கால் பூட்ஸைக் கழற்றினேன். அதே சேதியை எழுதி பூட்ஸுக்குள் திணித்து, அதன்மேல் காலுறையைச் சுருட்டி அடைத்து, லேஸை இறுக்கிக் கட்டினேன்.

"நேரா வண்டி மேலயே போறேன். என் மண்டைல போட்டுடாதீங்க" என்றார் மேடம்.

இந்தத் தடவை எண்ணி எறிந்தேன். பூட்ஸ் போய் வண்டியின் முன்கதவில் விழுந்தது. அந்தப் பள்ளம் வண்டியைக் கழித்துக் கட்டும்வரை இருந்தது. சார் பூட்ஸை எடுத்தார், கவிழ்த்து அடியில் இருந்த நம்பரைப் பார்த்தார். பதினேழு, என் நம்பர். சீட்டைப் படித்தார். வேட்டி விரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கினார்கள். மறுபடி விரித்தார்கள். விரித்த வேட்டிகளை எடுக்கக்கூட நிற்காமல் வண்டி கிளம்பியது.

மூன்றாவது பைக்கும் பூட்ஸுக்கும் நடுவில் ஒன்பது நிமிடம். நளினி மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு. காட்டைச் சுற்றி வண்டி வேலங்கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வரிசையில் ஒன்பது குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன. மீதி முப்பத்தொரு குடிசைகளைக் காப்பாற்றினார்கள். மனிதர்கள் எல்லாரும் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. ஒன்பது நிமிடம் முன்னால் போயிருந்தால் ஒன்பது குடிசையும் நின்றிருக்குமா? நின்றிருக்கும். எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் எனக்கு அப்படித்தான் வருகிறது.

சாயங்காலம் மீனம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, ஒற்றைக் கால் பூட்ஸோடு ஏரிக்கரைக்கு வந்தேன். பஸ்ஸில் எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். சார் கரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி. பக்கத்தில் என் பூட்ஸ்.

"மூணாவது பையைப் போட்டீரு. வெள்ள பாத்தீரு. அசைஞ்சுதா?"

"இல்ல சார். நான் பாக்கல."

சார் பூட்ஸை என் பக்கம் நகர்த்தினார். "நிலையத்துப் பதிவேட்டுல நீரே எழுதும். ஒம்ம கையெழுத்துதான் நல்லாயிருக்குமே."

எழுதினேன். அது மேலே போயிற்று. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப் போயிற்று. அனுமதிக் கடிதம் இல்லாமல் விமானம் பறந்தது ஏன் என்று சாருக்கும் ஓலை வந்தது. வாயால் சம்மதம் கொடுத்த பெரியவருக்குத் தெரியாமலே போய்விட்டது. சாரை அந்த வருடக் கடைசியில் வேறு மாவட்டத்துக்குத் தூக்கி அடித்தார்கள். விமானமும் அதோடு நின்றது. எல்லாரும் கேட்டுச் சிரிக்கிற கதை இதுவரைக்கும்தான்.

தீ விபத்து நடந்து நான்காம் நாள் காலை ஒரு பெண் நிலையத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் எஸ்தர், வேலங்கொல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து சாரின் மேஜைமேல் வைத்தாள். காக்கிப் பை. சிவப்பு ரிப்பன்.

"இது மேலேர்ந்து வுழுந்துச்சு சார். புதர் வெட்டிகினு இருந்தோம். எலெக்‌ஷன் நோட்டீசு, உள்ள எதுனா குடுத்துகீறாங்கன்னு நெனச்சிகினு எல்லாரும் புடுங்க வந்தாங்க. நான்தான் ஃபர்ஸ்ட்டு எடுத்தேன். மடியில சொருவிகினேன். வூட்டாண்ட போயி பிரிக்கலாம்னு." ரிப்பனை நீவிவிட்டாள். "போனா வூடே இல்ல. அதுக்கப்புறந்தான் பிரிச்சேன். எனக்குப் படிக்கத் தெரியும் சார். படிச்சேன்."

அவள் வீடு எரிந்த ஒன்பதில் ஒன்று. சித்தாள் வேலையை விட்டுவிடலாம் என்று தவணையில் வாங்கி வைத்திருந்த தையல் மெஷினும் உள்ளே இருந்தது. அது கூடப் பெரிதில்லை அவளுக்கு. பையைப் பற்றி அவளே போய் ஊரில் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் அவளோடு பேசுவதில்லை.

"கைப்பம்புல என் கொடத்த ஒதுக்கி ஒதுக்கி வக்கிறாங்க சார். ஒம்போது வூட்டக் கொளுத்துனவளுன்றாங்க. அவங்க சொல்றதும் கரீட்டுதான். அத்த நான் அப்பவே குடுத்துருந்தா..."

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். தேவசகாயம் சார் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். உத்தரவு என்று ஒன்றும் போடவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதிவேட்டில் எழுதியபோது இல்லாத பயம் அப்போது வந்தது. பதிவேட்டைப் படிக்கிறவர்கள் யாருக்கும் வீடு எரியவில்லை.

"நான் ஊருக்கு வர்றேம்மா" என்றேன். "இப்பவே."

யூனிஃபார்மிலேயே போனேன். சைக்கிளில் போகும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் தோன்றியது. எட்டுக் குடும்பம் கோபத்தில் இருக்கிறது, அடித்தால்கூடக் கேட்க ஆளில்லை. ஆனால் நான் போகாவிட்டால் அந்தப் பெண் ஆயுசு முழுக்க அந்தப் பம்பில் ஒதுக்கப்பட்ட குடத்தோடு நிற்பாள். சொல்லியே தீருவது என்று மிதித்தேன்.

கைப்பம்படியில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் இன்னும் சிலர் வந்தார்கள். எஸ்தர் தன் குடத்தோடு ஓரமாக நின்றாள். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேச முயன்றேன். கத்திக் கத்திப் போன தொண்டை, கரகரவென்றுதான் வந்தது.

"அந்தப் பைய மேல இருந்து போட்டவன் நான்தான். வண்டியாண்ட போட வேண்டியத முந்திப் போட்டவனும் நான்தான். பை தப்பான எடத்துல வுழும், யார் கையிலயாவது மாட்டும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். அதுக்குத்தான் ஒரு முறை வச்சிருந்தோம். கீழேர்ந்து பதில் வர்ற வரிக்கும் நான் நின்னு பாக்கணும். பதில் வரலன்னா மறுபடி போடணும். நான் நிக்கல. மனையாண்ட இருந்த சுண்ணாம்புக் கோட்டப் பாத்துட்டு, பதில் வந்துடுச்சின்னு போயிட்டேன். ஒரு சுத்து சுத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். தப்பு என்னுது. இந்தம்மா மேல ஒண்ணும் இல்ல."

முன்னால் நின்ற ஒரு ஆள், அவர் வீடும் போயிருந்தது, "இன்னா சார், இத்தினி ஈசியா சொல்லிட்ட?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் சட்டையைப் பிடித்திருந்தாலும் நான் அவர் கையை விலக்கியிருக்க மாட்டேன்.

அப்போது எஸ்தர் ஓரத்திலிருந்து பேசினாள்.

"சார், இன்னொரு தபா சொல்லு. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது."

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கெட்டியாக இருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் குடத்தோடு வந்து நின்றிருந்தார்கள்.

முதலிலிருந்து தொடங்கினேன். பைய மேல இருந்து போட்டவன் நான்தான் என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னேன். சாரிடம் ஒப்பித்த எதையும் அவ்வளவு சுத்தமாக நான் ஒப்பித்ததில்லை. சொல்லி முடித்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தத் தடவை பார்க்காமல் போவதாக இல்லை.

பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி, வயதானவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பம்புக்கடியில் இருந்த தன் குடத்தை எடுத்துக் கீழே வைத்தாள். எஸ்தரின் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கி அந்த இடத்தில் வைத்துவிட்டு, கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தாள்.